சுண்ணாம்பு நீரும் கண்ணாடி மின்வாயும்

வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், மயோசீன் காலச் சுண்ணக்கற் பாறை மழைநீரைத் தன் வெடிப்புகளில் ஏந்தி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர் வில்லையாகக் காத்துவருவதனாலேயே தலைமுறை தலைமுறையாக மக்கள் கிணறு வெட்டித் தோட்டஞ் செய்து வாழ்ந்திருக்கின்றனர். அந்தப் பாறை நீரிற் கரைந்து வந்து, எங்கள் வீட்டுக் கேத்தில்களின் உட்புறத்தில் வெண்படையாக ஒட்டிக்கொள்வதை அறியாதவர் இங்கே இல்லை. குழாய்நீரின் பீஎச் பெறுமானத்தை இரவும் பகலும் அளக்கும் உணரியின் மெல்லிய கண்ணாடிக் குமிழிலும் அதே படை படியும் என்பதும், அக்கருவிக்கு வரும் தொல்லைகளுட் பல அங்கிருந்தே பிறக்கின்றன என்பதும் அவ்வளவாகப் பேசப்படாத விஷயங்கள்.

நீர் அமிலத்தன்மை உடையதா, காரத்தன்மை உடையதா என்பதை எண்ணாற் குறிக்கும் இம்முறையை, 1909இல் கோப்பன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் சோரன்சன் என்னும் இரசாயனவியலாளர் வகுத்தார். குடிநீரின் பெறுமானம் 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருத்தல் வேண்டும் என்பது இலங்கையின் நியமம். எட்டுக்கு மேலே அது ஏற ஏற, கிருமியைக் கொல்ல இடும் குளோரீனின் வலிமை குன்றும்; மிகவும் கீழே இறங்கினாலோ குழாய்கள் அரிக்கப்படும். ஆதலால் இந்தச் சிறு கண்ணாடிக் குமிழ் பொய் சொல்லத் தொடங்கினால், அதன் பலனை அனுபவிப்பது குடிக்கும் மனிதரே.

அக்குமிழைத் தாங்கிய கண்ணாடி மின்வாய் நல்ல நிலையில் இருந்தால், பீஎச் 7இல் ஏறக்குறையப் பூச்சியம் மில்லிவோல்ற்றையும், 25 பாகை செல்சியசில் ஒவ்வோர் அலகு மாற்றத்துக்கும் சுமார் 59 மில்லிவோல்ற்றையும் தரும்; அலகுக்கு இத்தனை என்னும் இந்த அளவே சரிவு எனப்படும். அளவு திருத்தம் என்பது, பெறுமானம் முன்கூட்டியே தெரிந்த 7, 4 அல்லது 10 தாங்கற் கரைசல்களில் மின்வாயை அமிழ்த்தி, கருவி காட்டும் எண்ணை அவற்றோடு இசையச் செய்வதாகும். 7க்கும் 4க்கும் இடையே 177 மில்லிவோல்ற்று வரவேண்டிய இடத்தில் 150 அளவே வருமாயின், பொத்தானை அழுத்தி எண்ணைச் சரிக்கட்டிவிட்டு அப்பால் நகர்வது, நோயை மறைத்துவைத்து வளரவிடுவதேயாகும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அந்தக் குறைவே கருவி சொல்லும் முதல் வாக்குமூலம். அதைக் கேட்க வேண்டும்.

எங்கள் நீரில் முதலிற் சந்தேகிக்க வேண்டியது சுண்ணாம்புப் படையையே. படை மூடிய குமிழ் புதிய கரைசலுக்கு மெதுவாகவே பதில் சொல்லும். அது நிலைபெறுமுன் அவசரப்பட்டு எண்ணைப் பதிவதால் சரிவு குறைந்ததாகத் தோன்றும். ஐந்து சதவீத ஐதரோகுளோரிக் அமிலத்திற் சில நிமிஷங்கள் வைத்தால், கல்சியம் காபனேற்று நுரைத்துக் கரைவதைக் கண்ணாலேயே காணலாம். பின்னர் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் ஊறவிட வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பது மின்வாயின் ஆயுளைக் குறைக்கும்.

சரிவு சரியாயிருந்தும் பூச்சியம் மட்டும் பெரிதும் விலகியிருந்தால், குமிழின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் ஒப்பீட்டு மின்வாயின் நுண்துளைச் சந்தி அடைபட்டதோ, உள்ளிருக்கும் கரைசல் மாசுபட்டதோ என்று பார்க்க வேண்டும். எந்தக் கரைசலில் இட்டாலும் ஏழையே காட்டுமாயின், கண்ணாடி விரிசலுற்றிருக்கலாம். அல்லது இணைப்பில் ஈரம் புகுந்திருக்கலாம். குமிழின் தடை கோடிக்கணக்கான ஓம் அளவினது ஆதலின், உப்புக்காற்று வீசும் கரையோரத்தில், இணைப்பிற் படியும் சிறிது ஈரமே மின்னழுத்தத்தைக் கசியவிடப் போதுமானது. சில வேளைகளிற் குற்றம் கரைசலினுடையது: பீஎச் 10 தாங்கற் கரைசலைத் திறந்துவைத்தால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சித் தன் பெறுமானத்தை இழந்துவிடும். பாவித்ததை மீண்டும் போத்தலில் ஊற்றும் வழக்கத்தால் நல்ல மின்வாய்கள் வீணே குப்பைக்குப் போகின்றன.

2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் திறக்கப்பட்டு, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரும் ஆற்றலோடு அமைந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வருகையோடு, குடாநாட்டில் முற்றிலும் வேறான ஒரு நீரும் அளவைக்கு வந்திருக்கிறது. சவ்வினூடே புகுந்து வெளிவரும் நீரில், கனிமங்கள் மீளச் சேர்க்கப்படும்வரை, அயன்கள் மிகச் சொற்பம். அதில் அமிழ்ந்த மின்வாய், தாங்கற் கரைசல்களில் பிழையின்றி நின்றாலும், குழாயிலே தள்ளாடும். மறுபடி மறுபடி அளவு திருத்துவதால் அதற்கு விமோசனமில்லை. ஓட்டத்தைச் சீராகவும் மெதுவாகவும் வைத்து, இத்தகைய நீருக்கென்றே செய்யப்பட்ட மின்வாயைப் பொருத்துவதே வழி. ஒப்புநோக்க மாதிரி எடுப்போரும் அதைப் போத்தலில் ஆய்வுகூடத்துக்குச் சுமந்து செல்லாமல், குழாயருகிலேயே உடனே அளத்தல் அவசியம். ஏனெனில் காற்றோடு கலந்த சில நிமிஷங்களில் அந்நீர் காபனீரொட்சைட்டைக் கொண்டோ இழந்தோ தன் பெறுமானத்தை மாற்றிக்கொண்டுவிடும்.