அலங்கார மீனுக்கு ஒரு சான்றிதழ்: செலவு யார் தலையில்?

கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் ஒரு கடல் மீனைப் பார்த்து, அது எப்படிப் பிடிக்கப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. கைவலையால் பிடித்த மீனும் நஞ்சு தெளித்துப் பிடித்த மீனும் வாங்குபவர் கண்ணுக்கு ஒரே அழகோடுதான் தெரியும். கடல் அலங்கார மீன் வர்த்தகத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற யோசனை இந்தச் சிக்கலிலிருந்து பிறந்ததுதான். ஹலால் இலச்சினையைப் பார்த்துப் பொருள் வாங்கிப் பழகிய நமக்கு இது புதிய விடயமல்ல. பொருளைப் பார்த்து அறிய முடியாததை, அது வந்த வழியை ஆராய்ந்துதான் அறிய வேண்டும்.

இந்த வர்த்தகத்தில் இலங்கைக்குத் தனி இடம் உண்டு. கடல் அலங்கார மீன்களைப் பிடித்து ஏற்றுமதி செய்யும் தொழில் 1930களில் சிறிய அளவில் தொடங்கியதே நமது நாட்டில்தான். இன்றும் தெற்கிலும் கிழக்கிலும் சுழியோடிகள் இத்தொழிலை நம்பி வாழ்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும்போது தொழில் கிழக்குக்கு நகரும். கிழக்கில் மழைக்காலம் தொடங்கும்போது மீண்டும் தெற்குக்குத் திரும்பும். பிடித்த மீன்கள் ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளில் கட்டப்பட்டு விமானம் ஏறுகின்றன.

நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை வீட்டுத் தொட்டிகளிலும் பண்ணைகளிலும் வளர்க்கப்படுபவை. கடல் மீன்களோ பெரும்பாலும் முருகைக்கற்பாறைகளிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்படுபவை. 2003இல் வெளியான ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்ட அறிக்கையொன்று, உலகில் ஆண்டொன்றுக்கு 2 கோடி முதல் 2 கோடியே 40 இலட்சம் வரையான கடல் அலங்கார மீன்கள் விற்பனையாவதாகவும், அவை 1,471 இனங்களைச் சேர்ந்தவை என்றும் கணக்கிட்டது. 2000ஆம் ஆண்டில் ஒரு தீவு நாட்டின் அலங்கார மீன் கிலோவொன்று ஏறத்தாழ 500 டொலர் பெறுமதி பெற்றபோது, உணவுக்காகப் பிடித்த கற்பாறை மீன் கிலோ 6 டொலர் மட்டுமே பெற்றது என்றும் அது கூறுகிறது. குறைந்த மீனைப் பிடித்து அதிகம் சம்பாதிக்கும் இத்தொழில், ஒழுங்காக நடந்தால் கரையோர ஏழைக் குடும்பத்துக்கும் கற்பாறைக்கும் நன்மையே. பாறை உயிரோடு இருந்தால்தான் வருமானம் என்பதை உணர்ந்த மீனவரைவிடச் சிறந்த காவலர் யாரும் இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிப் பின்னர் இந்தோனேசியாவுக்கும் பரவிய ஒரு முறை, சயனைட் வில்லையை நீரில் கரைத்துப் போத்தலில் நிரப்பிப் பாறை இடுக்குகளில் பீய்ச்சுவதாகும். மயங்கிய மீனை எளிதாக அள்ளலாம். ஆனால் அந்த நஞ்சு பட்ட முருகை இறக்கிறது. தப்பிய மீன்களில் பல, வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகு காரணம் தெரியாமல் சாகின்றன. அந்த இழப்பை ஈடுகட்ட மேலும் மீன் பிடிக்கப்படுகிறது.

இதற்குத் தீர்வாக 1998இல் கடல் மீன்காட்சிப் பேரவை என்ற சர்வதேச அமைப்பு உருவானது. 2001இல் அது தனது தரநிலைகளை வெளியிட்டது. கற்பாறை முகாமைத்துவம், மீன் பிடித்தலும் வைத்திருத்தலும், கையாளலும் கொண்டுசெல்லலும் என ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி விதிகள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் இறக்கும் மீன்கள் இனமொன்றுக்கு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. சுழியோடி, ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடைக்காரர் ஆகிய எல்லோரும் சான்றிதழ் பெற்றிருந்தால்தான் அந்த மீன் சான்றிதழ் பெற்ற மீன். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் முத்திரை செல்லாது.

எண்ணம் நல்லதுதான். ஆனாலும் சுமார் பத்து ஆண்டுகளில் அந்த முயற்சி ஓய்ந்துபோனது. ஏன்?

முதலாவது காரணம், முழுச் சங்கிலியும் சேர்ந்து இயங்குவது கடினமாக இருந்தது. கடைக்காரர் சான்றிதழ் பெற்றாலும் விற்பதற்குப் போதிய சான்றிதழ் மீன் வரவில்லை. வந்த சில இனங்களால் ஒரு கடையை நிரப்ப முடியவில்லை. இரண்டாவது, மீன் நஞ்சுபட்டதா என்று வாங்கும் நாட்டில் விரைவாகவும் நம்பகமாகவும் கண்டறியும் சோதனை பரவலாக இருக்கவில்லை. மூன்றாவது காரணமே முக்கியமானது. பயிற்சி, பதிவேடு, ஆய்வு ஆகியவற்றின் சுமை கீழே உள்ள மீனவர் மீது விழுந்தது. அதற்கு ஈடான கூடுதல் விலை அவர் கைக்கு வரவில்லை. வலையால் மெதுவாகப் பிடித்தவருக்கும் நஞ்சால் விரைவாகப் பிடித்தவருக்கும் ஒரே விலை என்றால், நேர்மைக்கு நட்டம்தான் கூலி.

சர்வதேசச் சட்டமும் இந்த இடைவெளியை முழுமையாக நிரப்பவில்லை. அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சைடீஸ் சமவாயம் கடற்குதிரைகளையும் கல்முருகைகளையும் கட்டுப்படுத்துகிறது. தொட்டிக்குப் போகும் பெரும்பாலான மீன் இனங்கள் அதன் பட்டியலில் இல்லை. 2019இல் கொழும்பில் நடக்கவிருந்து, உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்ட அதன் மாநாட்டில்தான், கடல் அலங்கார மீன் வர்த்தகத்தை ஆராய வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது.

நமது நாட்டின் நிலை என்ன? இங்கு கைவலையே வழமையான கருவி. முருகையை உடைத்துச் சேதப்படுத்தும் மொக்சி வலை 1996ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் தடைசெய்யப்பட்டது. 1998ஆம் ஆண்டின் உயிருள்ள மீன் ஏற்றுமதி, இறக்குமதி விதிகள் சில இனங்களின் ஏற்றுமதியைத் தடுத்தும் சிலவற்றைக் கட்டுப்படுத்தியும் உள்ளன. ஆனால் நல்ல கருவி மட்டும் போதாது. எத்தனை மீன் எடுக்கலாம் என்ற கேள்வியும் இருக்கிறது. 1998இல் கடல்நீர் சூடாகி முருகைகள் வெளிறியபோது கற்பிட்டிப் பகுதிப் பாறைகள் பெரும் அழிவைக் கண்டன. அப்படியான ஆண்டுக்குப் பிறகும் முன்பு பிடித்த அளவையே பிடித்தால், கைவலையும் பாறையை வெறுமையாக்கும். மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று துப்புரவு செய்யும் சிறு மீன்களை அள்ளிவிட்டால், அந்தப் பாறையின் ஏனைய மீன்களும் பாதிக்கப்படும். அயல்நாடான மாலைதீவு சில இனங்களைத் தடைசெய்து, வேறு பல இனங்களுக்குத் தனித்தனிக் கோட்டா வைத்திருக்கிறது.

ஆகவே இலங்கை மீனுக்கு ஒரு சான்றிதழ் வருமானால், அது மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மீன் எந்தப் பாறையில், எந்தக் கருவியால், எந்த அளவில் எடுக்கப்பட்டது? விமானம் ஏறும் வரை எத்தனை இறந்தன? சுழியோடிக்கு என்ன கிடைத்தது? மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டுத்தான் பழைய முயற்சி சறுக்கியது. ஒரே நாளில் பலமுறை ஆழத்துக்கு இறங்கி விரைவாக மேலே வரும் சுழியோடிக்கு உடல் செயலிழக்கும் ஆபத்தும், மரண ஆபத்தும்கூட உண்டு. மீனின் உயிரைக் கணக்கில் எடுக்கும் சான்றிதழ், அதைப் பிடிப்பவரின் உயிரைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. எனவே சான்றிதழின் செலவை அதிக இலாபம் பெறும் ஏற்றுமதியாளரும் வெளிநாட்டு வியாபாரியும் ஏற்க வேண்டும்.

வளர்ப்பு மீன்தான் தீர்வு என்று சொல்வோரும் உள்ளனர். கோமாளி மீன் போன்ற சில இனங்களில் அது வெற்றி பெற்றுள்ளது. ஆனால் கடல் மீன்களில் பலவற்றின் குஞ்சுகளை வளர்த்தெடுப்பது இன்னும் கடினம். மேலும் வளர்ப்புப் பண்ணை வாங்கும் நாட்டிலேயே அமைந்துவிட்டால், நமது கரையோரக் குடும்பத்தின் வருமானமும் பாறையைக் காக்க வேண்டும் என்ற அக்கறையும் சேர்ந்தே போய்விடும்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்புவோர் கடையில் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இந்த மீன் எங்கிருந்து வந்தது, எப்படிப் பிடித்தது?" பதில் தெரியாத கடைக்காரர் அடுத்த முறை தனக்கு மீன் தருபவரிடம் அதைக் கேட்பார். அந்தக் கேள்வி கடல் வரை போக வேண்டும். அதற்கான கூடுதல் விலையும் அதே வழியாகச் சுழியோடியின் கையை அடைய வேண்டும்.