ஈராக் ஏறினால் ஸ்பிரிங்வெளிக்கு என்ன?

எந்த நாடு நம் இலங்கைத் தேயிலையை அதிகம் வாங்கியது என்ற பட்டியல் வருடா வருடம் பத்திரிகையில் வருகிறது. அண்மைக் காலமாக முதலிடத்தில் பெரும்பாலும் ஈராக். அதற்கு முன் அங்கே இருந்தது ரஷ்யா. 2010களின் தொடக்கத்தில் வருடத்துக்கு 40 மில்லியன் கிலோவுக்கு மேல் எடுத்த ரஷ்யா, இப்போது 25 மில்லியனைச் சுற்றி நிற்கிறது. ஈராக் 30 மில்லியனைத் தாண்டிவிட்டது.

ரஷ்யர்களுக்கு நம் தேயிலை கசந்துவிடவில்லை. சோவியத் காலத்தில் அவர்கள் பெரும்பாலும் குடித்தது ஜோர்ஜியத் தேயிலையும் இந்தியத் தேயிலையும்தான். 1991இல் சோவியத் உடைந்து, ஜோர்ஜியத் தோட்டங்களும் விழுந்த பிறகே கொழும்பு ஏலத்தில் அவர்கள் கை ஓங்கியது. ஆனால் 2014இல் எண்ணெய் விலை சரிந்தது, கூடவே ரூபிளும் சரிந்தது. 2017 டிசம்பரில் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி இறக்குமதியையே நிறுத்தினார்கள். ரஷ்யாவிலிருந்து வரும் அஸ்பெஸ்டஸுக்கு இலங்கை கட்டுப்பாடு போடவிருந்த நேரம் அது. அந்தக் கட்டுப்பாடு தள்ளிப்போனது, தேயிலைத் தடையும் இரண்டு வாரத்துக்குள் நீங்கியது. வண்டு என்ன ஆனதோ! 2022இல் யுக்ரேன் போர் தொடங்கியதும் ரஷ்ய வங்கிகள் வழியாகக் காசு வருவதே சிக்கலாயிற்று.

ஈராக்கின் கதையும் அரசியல்தான். 1990 ஓகஸ்டில் குவைத்துக்குள் படை புகுந்ததும் ஐ.நா. தடை விழுந்தது, நமக்கு ஒரு பெரிய சந்தை மூடிக்கொண்டது. எண்ணெய்க்கு உணவு என்ற ஐ.நா. திட்டம் வந்த பிறகே கதவு மெல்லத் திறந்தது. ஆகவே எந்த வருடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து ஈராக்கின் வளர்ச்சி மலையாகவும் தெரியும், மேடாகவும் தெரியும். பட்டியலைப் படிக்கும்போது, துபாய்க்குப் போகும் தேயிலையில் ஒரு பகுதி அங்கிருந்து வேறு நாடுகளுக்கு மறுபடி கப்பலேறுவதையும் மனதில் வைக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத ஒன்றுதான் நமக்கு முக்கியம். இந்தத் தீவின் தேயிலையில் பாதிக்கு மேல் தாழ்நிலத்தில் விளைவது: இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம், பெரும்பாலும் சிறு தோட்ட உரிமையாளர்களின் கொழுந்து. கறுத்துச் சுருண்ட, சாயம் கனத்த அந்த இலையைத்தான் ஈராக்கும் துருக்கியும் தேடுகின்றன. ஊவாவில் இருக்கும் நம் ஸ்பிரிங்வெளி மலையின் சரக்கு வேறு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும் நாட்களில் கொழுந்து குறையும், ஆனால் அந்த வாரங்களில்தான் ஊவாவுக்கே உரிய வாசனை ஏறும். அதற்கு விலை கேட்பவர்கள் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்புகிறவர்கள். எடையில் ஈராக்குக்குப் பக்கத்திலும் ஜப்பான் வராது. ஆனாலும் இங்குள்ள ஸ்டோர்களுக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு, பக்தாத்தைவிட டோக்கியோவின் கணக்கே பொருந்தும்.

ஒரு நாடு குறைவாக வாங்கியது என்றால் விற்கச் சரக்கு இருந்ததா என்றும் கேட்க வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு நிறுத்தியது. அந்த வருடம் சுமார் 300 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி, 2022இல் ஏறக்குறைய 250 மில்லியனாகச் சுருங்கியது. அதை வாங்கியவர்கள் தலையில் கட்ட முடியாது.

தோட்டத் தொழிலாளரின் சம்பளம் இந்த ஏற்ற இறக்கத்தோடு நடப்பதில்லை. 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய் என்று நாட்சம்பளம் ஏறியது சம்பள நிர்ணய சபையில், அதுவும் வருடக்கணக்கான இழுபறிக்குப் பிறகு. ஏலத்தில் விலை கூடிய வாரத்திலும் ஒரு நாள் வேலைக்குப் பெயர் பதிந்தால் கிடைப்பது அதே தொகைதான்.