மூளைக்குள் மார்பக புற்றுநோய்: காவல்காரனே கூட்டாளி ஆவது எப்படி?

மார்பக புற்றுநோய் சிலருக்கு ரத்தம் வழியாக மூளைக்கும் பரவுகிறது. அங்கே நுழையும் புற்றுநோய் செல்களில் பெரும்பாலானவை செத்து விடும். தப்பிக்கிற கொஞ்சம்தான் கட்டியாக வளர்கிறது. எப்படி தப்பிக்கிறது?

மூளையில் 'அஸ்ட்ரோசைட்' என்ற நட்சத்திர வடிவ செல்கள் உள்ளன. நரம்பு செல்களுக்கு காவல்காரன் மாதிரி. வந்த எதிரியை சாகடிக்க இவை வழி செய்கின்றன. ஆனால் சில புற்றுநோய் செல்கள் ஒரு புரதத்தை சுரந்து அந்த தாக்குதலை முறியடித்து விடுகின்றன. நியூயார்க்கில் உள்ள ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் விஞ்ஞானி ஜோன் மசாகே குழுவினர் 2014-ல் இதை வெளியிட்டனர்.

அதோடு விடவில்லை. அஸ்ட்ரோசைட்டுடன் நுண்ணிய பாலம் போட்டு ரசாயன தகவல் அனுப்புகின்றன. ஏமாந்த காவல்காரன், புற்றுநோய் வளர உதவும் பொருட்களை சுரக்கிறான். கீமோதெரபி மருந்துக்கும் அது அசைந்து கொடுப்பதில்லை. 2016-ல் வெளியான எலி ஆய்வில், பாலத்தை அடைக்கும் மருந்து கொடுத்ததும் கட்டி வளர்வது குறைந்தது. எலிக்கு பலித்தது எல்லாம் மனிதனுக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

மார்பக புற்றுநோய்க்கு சிகிச்சை பெற்றவர்களுக்கு விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, பேச்சு குழறல் வந்தால் 'சும்மா தலைவலிதானே' என்று மாத்திரை போட்டு நாளை கடத்தக்கூடாது. உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.