முழங்கால் ஜவ்வு கிழிந்தால்: ஆபரேஷன் பாதி, பயிற்சி பாதி

 

கபடி ஆடும்போதோ, பைக்கிலிருந்து விழும்போதோ முழங்காலுக்குள் ‘டப்’பென்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் மூட்டு வீங்கினால், சுளுக்குத்தானே என்று எண்ணெய் போட்டு நீவிவிட வேண்டாம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவில் இணைக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கிழிந்திருக்கலாம். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்திருப்பது அதுதான். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பு மருத்துவர் கையால் சோதித்து, தேவையானால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. சுவீடனில் 121 இளம் வயதினரை வைத்து நடந்த ஆய்வில், முதலில் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 5 ஆண்டுகள் கழிந்த பிறகும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால், பயிற்சிக்குப் பிறகும் மூட்டு அடிக்கடி விலகினால் தள்ளிப்போடக் கூடாது. விலக விலக, உள்ளிருக்கும் குருத்தெலும்பும் கிழியும்.

கிழிந்த ஜவ்வைத் தைத்தால் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. அதனால் நோயாளியின் தொடைப் பின்புறத் தசைநாரையோ, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரின் நடுப்பகுதியையோ எடுத்து, சிறு துளை வழியே கேமரா செலுத்திப் புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள். சில்லுத் தசைநாரை எடுத்தால் முட்டியை ஊன்றும்போது வலி வரக்கூடும். ஸஜ்தாவில் முட்டி ஊன்றுகிறவர்கள் நாம். இதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மூட்டு தேறும்வரை நாற்காலியில் தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு.

வலி நின்றுவிட்டால் ஜவ்வு பிடித்துவிட்டது என்று பொருளல்ல. பொருத்திய ஜவ்வு முதல் சில மாதங்கள் வலுக்குறைந்திருந்து, பிறகே உறுதிப்படும். முதல் வாரங்களில் காலை முழுமையாக நீட்டுவதும், தொடைத் தசையை இறுக்கிப் பழகுவதும் முக்கியம். 9 மாதத்துக்கு முன் ஆட்டக்களத்தில் இறங்கியவர்களுக்கு மறுபடி காயம்படுவது மிக அதிகம் என்று நார்வே ஆய்வு காட்டியது. 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் முழங்கால் ஜவ்வுகள் கிழிந்த கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், 2024 மார்ச்சில்தான் போட்டிக்குத் திரும்பினார். எல்லா வசதியும் உள்ளவருக்கே அவ்வளவு காலம்! பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 100 பேரில் 81 பேர் ஏதாவதொரு விளையாட்டுக்கும், 65 பேர் பழைய நிலைக்கும் திரும்பியுள்ளனர்.

நம் பரளச்சி வட்டாரத்தில் பல குடும்பங்கள் கூலி வேலையை நம்பியே இருக்கின்றன. ஆபரேஷனுக்குக் கடன் வாங்குமுன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். பிசியோதெரபிக்கு அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ போய்வரும் பஸ் செலவையும், வேலைக்குப் போக முடியாத மாதங்களையும் கணக்கில் சேருங்கள். நம் அறக்கட்டளையிடம் உதவி கேட்கும்போதும் அவற்றைச் சேர்த்தே எழுதுங்கள். பணமில்லை என்று பயிற்சியைப் பாதியில் விட்டால் ஆபரேஷனுக்குக் கொட்டிய பணமும் வீணாகும்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.