புள்ளியைத் துடைத்தால் தோலும் போகும்

மங்கிய வெளிச்சத்தில் எடுத்த முகப்படத்தைக் கணினியில் பெரிதாக்கினால் கன்னமெங்கும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தெரியும். இந்தப் புள்ளிகளே நாய்ஸ். உடனே கை நாய்ஸ் ரிடக்‌ஷன் பட்டையைத் தேடிப் போகிறது. பழியை ஐ.எஸ்.ஓ. எண்மீது போடுவது வழக்கம். ஆனால் பெரும்பங்கு ஒளியினுடையது. ஃபோட்டான்கள் சீராக வருவதில்லை. தாறுமாறான இடைவெளிகளில் வந்து விழுகின்றன. ஒரு பிக்ஸலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழுந்தால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் அது 100. வெறும் 1 சதவீதம். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுவது கிடைத்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். எத்தனை விலையுயர்ந்த சென்சாரும் இந்தக் கணக்கிலிருந்து தப்பாது.

புள்ளிகளை நீக்கும் மென்பொருளின் அடிப்படை வேலை, ஒத்த பிக்ஸல்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பது. 1998இல் வந்த பைலேட்டரல் ஃபில்டர், வெளிச்சத்தில் மிகவும் வேறுபடும் பிக்ஸலைச் சராசரியில் சேர்க்காது. அதனால் மூக்கின் ஓரமும் உதட்டுக் கோடும் பிழைத்தன. 2005இன் நான்-லோக்கல் மீன்ஸ் முறை, படத்தில் வேறெங்கோ இருக்கும் ஒத்த துண்டுகளையும் தேடிச் சேர்த்தது. இரண்டும் கெட்டிக்கார முறைகளே. ஆனால் தோலின் நுண்துளை, கன்னத்துப் பூனைமயிர், கண்ணோரச் சுருக்கம் ஆகியவற்றின் மெல்லிய வேறுபாடு நாய்ஸின் அளவிலேயே இருக்கும்போது எது தோல், எது புள்ளி என்று சராசரிக்குத் தெரியாது. வானத்தையும் சுவரையும் இப்படித் துடைத்தால் நஷ்டமில்லை. முகத்தில் துடைத்தால் மெழுகுபொம்மைதான் மிஞ்சும். நிறப் புள்ளிகளின் கதை வேறு. வெளிச்ச வேறுபாட்டைப் பார்க்கும் நுணுக்கத்தோடு நிற வேறுபாட்டைக் கண் பார்ப்பதில்லை. ஆகவே பச்சையும் ஊதாவுமாகச் சிதறிய புள்ளிகளைத் தாராளமாக நீக்கலாம்.

ஃபோகஸ் இதைவிடப் பெரிய விஷயம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். இந்தப் படிப்படியான மங்கல்தான் தட்டையான படத்தில் முகத்துக்குத் திரட்சி தருகிறது. கூர்மையாக விழுந்த இடத்தையும் மென்பொருள் வழவழப்பாக்கினால் அந்தப் படிநிலை கலைந்துபோகிறது. நாய்ஸுக்குப் பயந்து ஐ.எஸ்.ஓ. 800, 1/30 விநாடி என்று எடுப்பவர் முகம் அசைந்த படத்தோடு திரும்புவார். அதே வெளிச்சத்தில் 6400, 1/250 விநாடி என்றால் புள்ளிகள் கூடும்; ஆனால் இமைமயிர் நிற்கும். புள்ளிகளைப் பிறகும் குறைக்கலாம். அசைந்துபோன இமையை மீட்பது கடினம்.

புள்ளிகளை விட்டுவைக்கச் சொன்னால், ஃபில்ம் படங்களின் புள்ளியான கிரெய்ன் மீதான மோகம், வெறும் பழைய நினைவு என்பார்கள். ஃபில்மில் வெள்ளித் துகள்கள், சென்சாரில் மின்னணுக் கணக்கு. இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மைதான். வரிவரியாக விழும் சென்சார் கோடுகளை யாரும் ரசிக்கப்போவதில்லை. ஆனால் 2018இல் வெளியான ஏ.வி.1 வீடியோ முறையைப் பாருங்கள்: கோப்பின் அளவைக் குறைக்கக் கிரெய்னை நீக்கிவிட்டு, திரையில் காட்டும்போது செயற்கையாகத் திரும்பச் சேர்க்கும் வசதி அதில் உண்டு. வழவழப்பே போதுமென்றால் இந்த வசதி எதற்கு? செயற்கை நுண்ணறிவு தோலைக் காப்பாற்றிவிடும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. பழைய முறைகளைவிட அது நன்றாகவே செய்கிறது. ஆனால் சென்சாரில் பதிவாகாத நுண்துளையைப் பல படங்களில் கற்றதை வைத்து ஊகித்துத்தான் அது வரைய முடியும். பார்க்க அழகாயிருக்கலாம், அது அந்த மனிதரின் தோலாக இருக்குமென்ற உறுதியில்லை. இதைவிட, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து அடுக்கும் செல்போன் முறை நேர்மையானது. அது மெய்யாகவே கூடுதல் ஒளியைச் சேர்க்கிறது, முகம் அசையாதவரை.

வாடிக்கையாளர் புள்ளியை ஏற்கமாட்டார் என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்வார்கள். அவர் படத்தை எந்த அளவில் பார்க்கிறார்? 6000 பிக்ஸல் அகலப் படம் 1500 பிக்ஸல் திரைக்குச் சுருங்கும்போது 16 பிக்ஸல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. தற்செயல் நாய்ஸ் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. அதற்குப் பிறகும் உறுத்தினால், நிறப் பட்டையை முழுதாக இழுத்துவிட்டு, வெளிச்சப் பட்டையை மட்டும் கண்ணோரச் சுருக்கம் மறையத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்தலாம்.