பாஸ்போர்ட் இல்லாம ஒரு ஃபாரின் டிரிப்: கச்சத்தீவுக்கு மட்டும் ஏன் விசா வேண்டாம்?

ஃபைனல் இயர் வந்தாச்சு. நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல பாதி மெசேஜ் பாஸ்போர்ட் பத்திதான். தட்கல்ல போட்டா எத்தனை நாள், போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போது வீட்ல இருக்கணுமா, அப்பா இனிஷியலை எப்படி விரிச்சு எழுதணும்னு ஒரே கேள்வி. எனக்குப் போன மாசம் பாஸ்போர்ட் வந்துச்சு. தங்கச்சிமடத்துல இருக்குற எங்க அம்மாச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது இல்லாமயே நான் பத்துத் தடவைக்கு மேல போய்ட்டு வந்துட்டேன்டா"ன்னு சொன்னாங்க.

சும்மா சொல்லல. அவங்க போனது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு. இலங்கைக்குச் சொந்தமான தீவு. ஆனா அம்மாச்சிகிட்ட பாஸ்போர்ட்டும் கிடையாது, விசாவும் கிடையாது. இது எப்படி சாத்தியம்னு தேடிப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல பேஸிக்ஸ்

பாஸ்போர்ட்டையும் விசாவையும் நிறைய பேர் ஒண்ணாவே நினைச்சுக்குறோம். பாஸ்போர்ட் நம்ம நாடு நமக்குக் கொடுப்பது. "இவர் எங்க ஆள்" என்பதற்கான ஆதாரம். விசா நாம போகிற நாடு கொடுப்பது. "வரலாம்" என்கிற அனுமதி. ஆக, ஒரு பயணத்துக்கு ரெண்டு கதவு. ஒண்ணு நம்ம பக்கம் திறக்கணும், இன்னொண்ணு அந்தப் பக்கம் திறக்கணும்.

எல்லா இடத்துலயும் ரெண்டு கதவும் ஒரே மாதிரி இருக்காது. நாம நேபாளம் போக பாஸ்போர்ட்டே தேவையில்லை, வாக்காளர் அட்டை போதும். 2019 நவம்பரில் சீக்கிய பக்தர்களுக்காகத் திறந்த கர்தார்பூர் பாதையில் பாகிஸ்தான் விசா கேட்கவில்லை, ஆனா பாஸ்போர்ட் கட்டாயம். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலில் போறதுன்னா, விமானத்தில் போற மாதிரியே பாஸ்போர்ட்டும் வேணும், இலங்கையின் நுழைவு அனுமதியும் வேணும்.

அதே இலங்கைதான். ஆனா கச்சத்தீவுக்கு மட்டும் ரூல் வேற.

1974-ல் எழுதின ஒரு வரி

கச்சத்தீவு மொத்தமே 285 ஏக்கர்தான். குடியிருப்பு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. இருப்பது ஒரு அந்தோணியார் கோயில். 1974 ஜூன் மாசம் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பாக் நீரிணையில் எல்லைக் கோடு போட்டாங்க. தீவு அந்தப் பக்கம் போச்சு. அது சரியா தப்பா என்கிற சண்டை சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் இன்னிக்கு வரை ஓயவில்லை. அதுக்குள்ள நான் போகலை.

அந்த ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் இதுவரை போல கச்சத்தீவுக்குப் போய் வரலாம். அதற்காகப் பயண ஆவணமோ விசாவோ எடுக்கணும்னு இலங்கை கேட்காது. அம்மாச்சி போனது இந்த வரியின் பலத்தில்தான்.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. முதலாவது, அந்த வரியில் மீன்பிடிப்பு என்ற சொல்லே கிடையாது. போய் வரலாம், அவ்வளவுதான். 1976 மார்ச்சில் ரெண்டு அரசும் எழுதிக்கிட்ட கடிதங்களில், ஒரு நாட்டுப் படகு இன்னொரு நாட்டுக் கடலில் அனுமதி இல்லாம மீன் பிடிக்கக் கூடாதுன்னு தெளிவாவே போட்டுட்டாங்க. இன்னிக்கு நம்ம ஊர்ப் படகுகள் பிடிபடும்போதெல்லாம் கிளம்புற வாக்குவாதத்துக்கு இந்த ரெண்டு தாள்தான் அடிப்படை.

ரெண்டாவது, "இலங்கை கேட்காது" என்பதுதான் வாக்கியம். நம்ம பக்கத்துக் கதவைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லை. அதனாலதான் விசா இல்லைன்னாலும் நினைச்ச நாள் படகு எடுத்துட்டுக் கிளம்ப முடியாது.

நிஜத்துல எப்படிப் போறாங்க?

திருவிழா வருஷத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி அல்லது மார்ச்சில், ரெண்டு நாள். யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் இருந்து அழைப்பு வரும். ராமேஸ்வரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயத்தில் பெயர் பதியணும். ஆதார் நகல், போட்டோ கொடுக்கணும். போகிற படகுக்கும் பதிவு உண்டு. பேர் மேல குற்ற வழக்கு இருக்கான்னு போலீஸ் பார்ப்பாங்க.

2025 மார்ச்சில் அம்மாச்சிக்குத் துணையா நானும் போனேன். ராமேஸ்வரம் துறைமுகத்தில் காலையிலேயே வரிசை. பட்டியலில் பேர் சரிபார்ப்பு, பை சோதனை, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். அப்புறம் விசைப்படகில் சில மணி நேரம். அங்க இறங்கினதும் இலங்கைக் கடற்படை சோதனை. பாஸ்போர்ட் இல்லாததால முத்திரை குத்த இடமே இல்லை! சாயங்காலம் கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி. ராத்திரி மணல்லயே படுக்கை. மறுநாள் காலை திருப்பலி முடிஞ்சதும் கொடி இறக்கி, திரும்பப் படகு.

ஏன் இது முக்கியம்?

அம்மாச்சியோட தங்கச்சி கல்யாணமாகி நெடுந்தீவுக்குப் போனவங்க. போர்க் காலத்துல வருஷக்கணக்கா ரெண்டு பேருக்கும் தொடர்பே இல்லை. அப்புறம் வருஷத்துக்கு ஒரு ராத்திரி, இந்த மணல்ல. அம்மாச்சிக்குப் பாஸ்போர்ட் எடுக்கலாம்னு நாங்க முயற்சி பண்ணோம். ஆதார்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு, பிறந்த தேதிக்கு ஆதாரமே இல்லை. அப்படியே நின்னு போச்சு. அவங்களுக்கு இருக்கிற ஒரே வழி அந்த 5-வது பிரிவு.

அந்த வழியும் எப்பவும் திறந்திருக்காது. 2021-ல் கொரோனா. 2022-ல் ரொம்பக் கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுமதி. 2024-ல் நம்ம மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்ததைக் கண்டிச்சு ராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணிச்சாங்க, இங்கிருந்து யாரும் போகலை. அந்தப் புறக்கணிப்பு நியாயம்தான்னு எங்க வீட்லயே பேசினாங்க. எங்க மாமாவும் கடலுக்குப் போறவர்தான். அம்மாச்சி மறுத்து ஒண்ணும் சொல்லலை. தங்கச்சிக்குன்னு வாங்கி வச்ச சேலையைப் பெட்டியில எடுத்து வச்சாங்க. 2025-ல அதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாங்க.

போக ஆசைப்படுறவங்களுக்கு: ஜனவரியிலேயே பதிவு அறிவிப்பைக் கவனிங்க. ஒவ்வொரு வருஷமும் நிபந்தனை கொஞ்சம் மாறும். மது, புகையிலை எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. குடிதண்ணி எடுத்துக்கோங்க. முக்கியமா, இது கச்சத்தீவுக்கு மட்டும். அங்கிருந்து யாழ்ப்பாணம் போகணும்னு ஆசை வந்தா அதுக்குப் பாஸ்போர்ட் வேணும்.

என்கிட்ட இப்போ பாஸ்போர்ட் இருக்கு. வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி நாகப்பட்டினம் போய்க் கப்பலேறி, நெடுந்தீவு வீட்டைப் பார்த்துட்டு வரணும். எத்தனை போட்டோ எடுக்கணும்னு அம்மாச்சி இப்பவே சொல்லி வச்சிருக்காங்க.