சிறு தூண்டிலுக்கு இலேசான தடி: வாங்குமுன் அறிந்துகொள்வோம்

விக்டோரியா அணைக்கட்டு 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சூழ்ந்திருந்த வயல்களும் நீரில் மூழ்கின. கொத்மலையிலும் அதே காலத்தில் அதுவே நடந்தது. அங்கிருந்த குடும்பங்கள் பல மகாவலியின் கீழ்ப்பகுதிக் குடியேற்றங்களுக்குச் சென்றன. சில மேட்டு நிலத்தில் தங்கிவிட்டன. யுத்தத்தினாலும் மண்சரிவினாலும் இடம்பெயர்ந்து கண்டிப் பக்கம் வந்து சேர்ந்தவர்களும் நம்மிடையே உள்ளனர். மண்வெட்டி பிடித்த கைகளுக்கு இன்று சொந்தமாக வயல் இல்லை. ஆனால் வயல் இருந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரில் மீன் இருக்கிறது.

வள்ளமும் வலையும் வாங்க எல்லோராலும் முடியாது. கரையில் நின்று ஒரு நேரக் கறிக்கு மீன் பிடிக்கத் தூண்டில் போதும். ஆனால் பலர் கையிலிருந்த பணத்தைப் பொருத்தமில்லாத தடியில் போட்டுவிட்டுப் பின்னர் வருந்துகிறார்கள். நாமும் முதலில் அப்படித்தான் ஏமாந்தோம். கடலுக்கு ஏற்ற தடித்த தடி ஒன்றை ‘நீண்ட காலம் உழைக்கும்’ என்று எண்ணி வாங்கினோம். சிறு தூண்டிலைக் கட்டி வீசியபோது அது நம் காலடியிலேயே விழுந்தது!

சிறு தூண்டில் என்பது என்ன?

கடைகளில் ‘ஜிக்’ என்ற பெயரில் விற்கப்படுவது சிறிய ஈயத்தலை கொண்ட ஒரு முள். தலைக்குப் பின்னால் இறகோ மென்மையான பிளாஸ்டிக் வாலோ இருக்கும். நீரில் மெதுவாக இழுக்கும்போது அது சிறு மீன் குஞ்சுபோல் அசையும். வட அமெரிக்காவில் ‘கிரப்பி’ என்ற நன்னீர் மீனைப் பிடிக்க இதை மிகவும் பயன்படுத்துகிறார்கள். கிரப்பி நம் நாட்டு நீர்நிலைகளில் இல்லை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் அதன் இனத்தவையுமே. திலாப்பியா பாசியையும் அழுகிய இலைதழையையும் அதிகம் உண்ணும் மீன். ஆகவே வெறும் ஜிக்கை அது பல வேளைகளில் கவனியாது. முள்ளில் ஒரு துண்டு மண்புழுவைக் கோத்துவிட்டால் பலன் கூடும்.

ஏன் இலேசான தடி வேண்டும்?

இந்த ஜிக்குகளின் எடை 1/32 அவுன்ஸ் முதல் 1/8 அவுன்ஸ் வரையே. அதாவது ஏறக்குறைய 1 கிராம் முதல் மூன்றரைக் கிராம் வரை. தடியை வீசும்போது தூண்டிலின் எடை தடியின் நுனியை வளைக்கிறது. வளைந்த நுனி நிமிரும் வேகத்தில்தான் தூண்டில் தூரப் பாய்கிறது. நுனி வளையாவிட்டால் பாய்ச்சல் இல்லை. அலவாங்கின் முனையில் ஒரு பயற்றங்கொட்டையை வைத்து வீசினால் எப்படியிருக்கும்? தடித்த தடியில் சிறு ஜிக்கைக் கட்டுவதும் அதுபோலத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. சிறிய முள் மீனின் வாயில் சிறிதளவே ஏறும். விறைப்பான தடியால் வெடுக்கென இழுத்தால் முள் கழன்றுவிடும். வளையும் தடி மீனின் துள்ளலைத் தான் தாங்கிக்கொள்ளும். மெல்லிய நூலும் அறாது.

தடியில் எழுதியிருப்பதை வாசிப்போம்

நல்ல தடிகளில் கைபிடிக்கு மேலே சில விபரங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

1. வலு: ‘அல்ட்ரா லைட்’ அல்லது ‘லைட்’ என்று இருக்கவேண்டும். ‘மீடியம்’, ‘ஹெவி’ என்பன இந்த வேலைக்கு உதவா.

2. தூண்டிலின் எடை: 1/32 முதல் 1/4 அவுன்ஸ் வரை (1 முதல் 7 கிராம் வரை) என்றிருந்தால் மிகப் பொருத்தம். கீழ் அளவையே முக்கியமாகப் பாருங்கள். அது 10 கிராமில் தொடங்கினால் வாங்கவேண்டாம்.

3. நூலின் வலு: 2 முதல் 6 இறாத்தல் வரை. 4 இறாத்தல் தங்கூசி நூல் போதுமானது. மூழ்கிய மரக்குற்றிகள் நிறைந்த இடமானால் 6 இறாத்தல் நல்லது. தடித்த நூல் சுருண்டு நின்று சிறு ஜிக்கைப் போகவிடாது.

4. நீளம்: ஐந்தரை அடி முதல் 7 அடி வரை. புதர் நிறைந்த கரைக்குக் குட்டையான தடி வசதி. திறந்த கரையிலிருந்து தூர வீச நீளமானது உதவும்.

றீலும் சிறியதாக, ‘1000’ அளவில் இருக்கட்டும். அதில் நூலை விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்புங்கள். பாதி மட்டும் சுற்றினால் விளிம்பில் உராய்ந்து வீச்சுக் குறையும்.

கண்ணாடி இழையா, காபன் இழையா?

காபன் இழைத் தடி எடை குறைந்தது. மீன் மெல்லத் தொடுவதையும் கைக்கு உணர்த்தும். ஆனால் விலை கூட. கல்லில் அடிபட்டால் எளிதில் முறியும். கண்ணாடி இழைத் தடி சற்றுப் பாரமானாலும் நன்றாக வளையும், முரட்டுக் கையையும் தாங்கும், விலையும் குறைவு. வீட்டில் பலர் மாறிமாறிப் பிடிக்கும் தடியென்றால் கண்ணாடி இழையே நமக்கு ஏற்றது என்பது எமது கருத்து.

முக்கிய எச்சரிக்கை: காபன் இழை மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான எந்தத் தடியும் ஆபத்தானதே. மின்கம்பிகளின் கீழ் நின்று ஒருபோதும் தூண்டில் வீசவேண்டாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கண்டிப் பகுதியில் பிற்பகலில் இடி மின்னல் வருவது வழக்கம். முதல் இடி கேட்டதுமே தடியைக் கீழே வைத்துவிட்டுக் கரையைவிட்டுப் போய்விடுங்கள்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள்

• தடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கோணல் இருக்கக்கூடாது, வளையங்கள் ஒரே வரிசையில் நிற்கவேண்டும்.

• சிறிது பஞ்சை ஒவ்வொரு வளையத்தினுள்ளும் தேய்த்து இழுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது. அது நூலை அறுத்துவிடும்.

• இரண்டு துண்டுத் தடியானால் பொருத்திப் பாருங்கள். பொருத்தில் ஆட்டம் இருக்கக்கூடாது.

• அரைத் தேக்கரண்டி உப்பைச் சிறு பொலித்தீனில் முடிந்து எடுத்துச் செல்லுங்கள். அது ஏறக்குறைய 3 கிராம் இருக்கும். நூலில் கட்டி மெல்ல அசைத்தால் நுனி வளைந்து நிமிரவேண்டும். வளையாத தடி உங்களுக்கு உரியதல்ல.

பணம் இல்லாவிட்டால்?

மெல்லிய, முற்றிய மூங்கில் ஒன்றை நிழலில் உலர்த்தி, நுனியில் தடியின் நீளத்துக்கே நூலைக் கட்டுங்கள். இதனால் தூர வீச முடியாது. ஆனால் மூழ்கிய மரத்தின் பக்கத்தில் ஜிக்கை இறக்கி மெல்ல ஆட்ட முடியும். மீன் நிழலை நாடி அங்கேதான் நிற்கும். றீல் வாங்கும்வரை இதுவே போதும்.

கரையில் கவனிக்க வேண்டியவை

மின்னுற்பத்திக்காக நீர்மட்டம் ஏறி இறங்குவதால் கரை சேறாகவும் செங்குத்தாகவும் இருக்கும். பிள்ளைகளைத் தனியே அனுப்பவேண்டாம். விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை பகுதி 1987இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கண்டி வாவியில் மீன் பிடிக்கக்கூடாது. அணைக்கட்டுகளின் அருகிலும் போகக்கூடாது. எங்கே பிடிக்கலாம், அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்பதை நக்டா எனப்படும் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள். அங்கே தொழில் செய்யும் மீனவரின் வலைக்கு அருகில் வீசவேண்டாம். அது அவர்களது பிழைப்பு. ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நசுக்கவேண்டாம். ஈயம் நஞ்சு. அறுந்த தங்கூசி நூலைக் கரையில் விடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

இலேசான தடியால் விரால் போன்ற பெரிய மீனைப் புல்லுக்குள்ளிருந்து இழுக்க முடியாது. அது குடும்பத்துக்கு வருமானம் தரும் தொழிலும் ஆகாது. ஆனால் சரியாகத் தெரிந்தெடுத்த ஒரு தடி பல ஆண்டுகளுக்குச் சட்டியில் கறி சேர்க்கும். விதைநெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, ஊதிப் பார்த்துத் தெரிந்தெடுத்தவர்கள் நாம். அதே பொறுமையோடு தடியையும் வளைத்துப் பார்த்து வாங்குவோம்.